எண்ணெய் ஆலைக்குப் போகட்டும். சத்து மண்ணுக்குத் திரும்பட்டும்

சென்ற கோடையில் திருச்சி மாவட்டத்தில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோப்பைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று ஏக்கர் தோப்பு. பத்து வயது மரங்கள். தரை முழுவதும் துடைத்து வைத்தது போல் சுத்தமாக இருந்தது. வரப்போரத்தில் வெட்டிய மட்டைகள் குவிக்கப்பட்டு எரிந்து புகைந்துகொண்டிருந்தன. மரங்களை அண்ணாந்து பார்த்தேன். அடிமட்டைகளின் ஓலைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் படர்ந்திருந்தன. சாம்பல் சத்துக் குறைவுக்கு இதுவே முதல் அடையாளம்.

"பொட்டாஷ் மூட்டை விலையைக் கேட்டாலே பயமா இருக்கு ஐயா. போன வருஷம் பாதிதான் போட்டேன். இந்த வருஷம் போடவே இல்லை. குலையும் சிறுத்துப் போச்சு. பேசாம மரத்தை எடுத்துட்டு வாழை வச்சிடலாமான்னு பார்க்கிறேன்" என்றார் தோப்புக்காரர்.

பத்து ஆண்டுகள் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மரங்களை எடுத்துவிடலாம் என்கிற அளவுக்கு அவர் மனம் நொந்திருந்தார். அவரால் வாங்க முடியாத பொட்டாஷில் ஒரு பகுதி அந்த வரப்போரத்துச் சாம்பலில் கிடந்தது. இன்னொரு பகுதி, அவர் அனுப்பிய குலைகளோடு லாரி ஏறி ஆலைக்குப் போயிருந்தது.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் விரிவாக்கப் பணிக்கு வந்த புதிதில், "தோப்பைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவன்தான். சுத்தம் என்றால் கண்ணுக்குச் சுத்தம் என்றே அப்போது நினைத்தேன். மண் எதை இழக்கிறது என்று கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

எண்ணெயில் உரம் இல்லை

எண்ணெய்ப்பனையிலிருந்து நாம் விற்பது எண்ணெய். அந்த எண்ணெய் எதனால் ஆனது? கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றால் ஆனது. காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எடுத்து, வெயிலின் துணையோடு மரம் இதைத் தயாரிக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கும் யூரியாவோ பொட்டாஷோ எண்ணெயில் ஏறக்குறைய இல்லை. அவை மட்டையிலும், குலையின் காம்பிலும், நாரிலும், பருப்பிலும் தங்கிவிடுகின்றன. அதாவது, நாம் கழிவு என்று ஒதுக்கும் பொருள்களில்தான் உரம் இருக்கிறது.

1967-ல் மலேயாவில் இங், தம்பு என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை அளந்து வெளியிட்டார்கள். எக்டேருக்கு 25 டன் குலை அறுவடை செய்தால், அந்தக் குலைகளோடு சுமார் 73 கிலோ தழைச்சத்தும், 93 கிலோ பொட்டாசியமும், 21 கிலோ மக்னீசியமும் நிலத்தைவிட்டுப் போகின்றன. நமது ஏக்கர் கணக்கில் சொன்னால், 10 டன் குலையோடு சுமார் 75 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷுக்குச் சமமான சத்து வெளியேறுகிறது. ஒன்றரை மூட்டை பொட்டாஷைக் குலையோடு சேர்த்து அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலைக்கு வேண்டியது எண்ணெயும் பருப்பும். குலையை ஆவியில் வேகவைத்துப் பழங்களை உதிர்த்த பின் மிஞ்சும் வெறுங்குலை, குலை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 10 டன்னுக்கு சுமார் 2.2 டன். ஈரத்தோடு கூடிய ஒரு டன் வெறுங்குலையில் சுமார் 7 கிலோ யூரியாவுக்கும், 19 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷுக்கும் சமமான சத்து இருப்பதாக மலேசிய ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே குலையோடு போன பொட்டாஷில் பாதிக்கு மேல் வெறுங்குலையிலேயே இருக்கிறது.

மட்டையின் கணக்கு

வளர்ந்த மரம் ஆண்டுக்கு சுமார் 24 மட்டைகள் விடும். ஏறக்குறைய அதே அளவு மட்டைகளை நாம் கழிக்கிறோம். நன்கு பராமரித்த தோப்பில் இவ்வாறு கழிக்கும் மட்டைகளின் உலர் எடை ஏக்கருக்கு 4 டன் வரை இருக்கும். அதில் சுமார் 30 கிலோ தழைச்சத்தும், 80 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷுக்குச் சமமான சாம்பல் சத்தும் உண்டு.

எரித்தால் என்ன ஆகிறது? தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. சாம்பல் சத்து சாம்பலில் நிற்கிறது என்றாலும், அது தோப்பு முழுவதும் பரவாமல் வரப்போரத்தில் ஒரே இடத்தில் கிடந்து, அடுத்த மழையில் கரைந்து ஓடுகிறது. மரத்தடியிலேயே எரித்தால் கெடுதல் இன்னும் அதிகம். எண்ணெய்ப்பனையின் சத்து உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் இருப்பவை. சூட்டில் அவை கருகிவிடும்.

மட்டையைப் பரப்பி வைத்தால் சத்து மட்டுமல்ல, தண்ணீரும் மிச்சமாகும். வளர்ந்த மரத்துக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். கோடையில் இதற்கு மேலும் தேவைப்படும். கிணற்றுப் பாசனத்தை நம்பியிருப்பவருக்கு மூடாக்கு பேருதவி. மூடாக்கின் கீழே ஈரம் நிற்கும், மண்புழு சேரும், களையும் குறையும். சில மாதங்கள் கழித்து மட்டையைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளை வேர்கள் அங்கே ஓடி வந்திருப்பதைக் காணலாம்.

மட்டையை எப்படி அடுக்குவது?

ஒன்பது மீட்டர் முக்கோண முறையில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு 57 மரங்கள் இருக்கும். மரவரிசைகளுக்கு இடையில் ஒன்றுவிட்டு ஒரு இடைவெளியில் மட்டும் மட்டைகளைப் பரப்ப வேண்டும். மற்ற இடைவெளியை அறுவடைக்கும், ஆள் நடமாட்டத்துக்கும் விட்டுவிடலாம். முள் நிறைந்த அடிப்பகுதியைத் தனியே நறுக்கி, நடைபாதையில் விழாமல் வரிசையின் நடுவில் போட வேண்டும். வட்டப்பாத்தியும் வாய்க்காலும் திறந்திருக்க வேண்டும்.

மூடாக்குக்கு வேண்டும் என்பதற்காகப் பச்சை மட்டையை அதிகமாக வெட்டிவிடக் கூடாது. மரத்தில் 35 முதல் 40 மட்டைகள் எப்போதும் நிற்க வேண்டும். அளவுக்கு மீறிக் கழித்தால் ஆண் பாளைகள் அதிகமாகி, குலை குறையும்.

"மட்டையை அடுக்கினால் பாம்பு அடையுமே, எலி சேருமே, வண்டு வருமே?" என்று அந்தத் தோப்புக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். குவியலாகப் போட்டால் இம்மூன்றும் வரும். தட்டையாகப் பரப்பி, நடக்கும் வழியைத் தனியே பிரித்துவிட்டால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். காண்டாமிருக வண்டு, மக்கும் குப்பைக் குவியலிலும் உளுத்த மரத்திலும் தொழு உரக் குழியிலும்தான் முட்டையிட்டுப் பெருகுகிறது. எனவே எந்தக் கழிவையும் மேடாகக் குவித்து வைக்காதீர்கள். எருக்குழியில் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை இட்டால் புழுக்கள் நோயுற்று மடியும். குருத்தில் துளை கண்டால் கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுத்துவிட வேண்டும்.

வெறுங்குலையைத் திரும்பப் பெறுங்கள்

குலை ஏற்றிச் செல்லும் வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பி வருகிறது. அதில் வெறுங்குலையை ஏற்றி வரலாம். தனி ஒருவருக்கு இது கட்டுபடியாகாமல் போகலாம். பக்கத்துத் தோப்புக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் கட்டுபடியாகும். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு எண்ணெய்ப்பனைக்கென அறிவித்த தேசிய இயக்கத்துக்குப் பிறகு, புதிதாக நடுகிறவர்கள் பலர். ஆலையோடு பேசும்போது குலை விலையை மட்டும் பேசாமல், வெறுங்குலையைத் திரும்பத் தருவார்களா என்பதையும் கேட்டுக்கொள்வது நலம்.

வளர்ந்த மரம் ஒன்றுக்கு 150 கிலோ வெறுங்குலை இடலாம். அடிமரத்தைத் தொடாமல், வட்டப்பாத்தியின் வெளி ஓரத்தில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். ஓர் ஏக்கர் குலையிலிருந்து கிடைக்கும் 2.2 டன் வெறுங்குலை, 14 மரங்களுக்குத்தான் போதும். அதனால் கவலை வேண்டாம். ஆண்டுக்கு 14 மரங்கள் என்று முறை வைத்து இட்டு வாருங்கள். நான்கு ஆண்டுகளில் தோப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும்.

வெறுங்குலையில் உள்ள சாம்பல் சத்து தண்ணீரில் கரைந்து விரைவில் மண்ணில் இறங்கும். தழைச்சத்து அப்படியல்ல. நார் மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே முதலில் எடுத்துக்கொள்ளும். ஆகவே வெறுங்குலை இட்ட மரங்களுக்கு யூரியாவைக் குறைக்கக் கூடாது.

ஆலைக் கொதிகலன் சாம்பல் கிடைத்தால் அதிலும் சாம்பல் சத்து உண்டு. ஆனால் அது காரத்தன்மை உடையது. புளிப்பு மண்ணுக்கு நல்லது, களர் நிலத்தில் இடக்கூடாது. பருப்பிலிருந்து எண்ணெய் எடுத்தபின் வரும் பிண்ணாக்கில் 14 முதல் 16 சதம் புரதம் உள்ளது. நார் மிகுந்தது என்பதால் கோழியைவிட மாட்டுக்கு ஏற்றது. சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

எரிக்கக் கூடாத இன்னொரு கழிவு

பூத்து முடிந்து காய்ந்த ஆண் பாளைகளைக் குப்பை என்று வெட்டி எரிப்பவர்களும் உண்டு. அதில்தான் மகரந்தம் பரப்பும் சிறு கூன்வண்டு முட்டையிட்டுப் பெருகுகிறது. இந்த வண்டு இல்லாத காலத்தில் மலேசியத் தோட்டங்களில் ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து 1981-ல் மலேசியாவுக்கும், 1985-ல் இந்தியாவுக்கும் இது கொண்டுவரப்பட்டது. காய்க்கும் தோப்பில் காய்ந்த ஆண் பாளைகளை மரத்திலேயே விட்டுவைத்து, பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்த்தால், கூலி கேட்காமல் அது வேலை செய்யும்.

உரத்தை நிறுத்தலாமா?

கூடாது. மட்டையில் உள்ள சத்து நம் மண்ணிலிருந்து போனதுதான். அதைத் திருப்பிக் கொடுப்பது இழப்பைத் தடுப்பதே தவிர, புது வரவு அல்ல. மூன்றாம் ஆண்டு முதல் மரத்துக்கு ஆண்டுதோறும் 1,200 கிராம் தழைச்சத்தும், 600 கிராம் மணிச்சத்தும், மண்ணுக்கேற்ப 1,200 முதல் 2,700 கிராம் சாம்பல் சத்தும் தேவை. இவற்றோடு 500 கிராம் மக்னீசியம் சல்பேட்டும் 100 கிராம் போராக்ஸும் இட வேண்டும். கழிவுகளைத் திருப்பி வருபவர்கள் பொட்டாஷை எவ்வளவு குறைக்கலாம் என்பதை மண் பரிசோதனையும், 17-வது மட்டையின் ஓலைப் பரிசோதனையும் சொல்லும். கண்ணால் மதிப்பிட்டுக் குறைக்க வேண்டாம்.

அந்தத் தோப்புக்காரரிடம், மரத்தை எடுப்பதை ஓராண்டு தள்ளிப் போடச் சொன்னேன். முடிந்த அளவு பொட்டாஷைத் தவணை பிரித்து இடும்படியும், இனி ஒரு மட்டைகூட எரியக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். குலையின் எடை உடனே ஏறிவிடாது. பாளை உருவாகிக் குலையாக வர ஈராண்டுக்கு மேல் ஆகும். இன்று செய்யும் காரியத்தின் பலனை அதற்குப் பிறகுதான் தராசில் பார்க்க முடியும். இதையும் அவரிடம் மறைக்கவில்லை.

எண்ணெய்ப்பனை வைத்திருக்கும் உழவர் பெருமக்களுக்கும் இதையே சொல்கிறேன். நம்பிக்கை வராவிட்டால் தோப்பு முழுவதும் செய்ய வேண்டாம். இந்த ஆண்டு இரண்டு வரிசையில் மட்டும் மட்டையைப் பரப்பிப் பாருங்கள். அடுத்த கோடையில் மட்டைக்குக் கீழே ஒரு பிடி மண்ணையும், வெறுந்தரையில் ஒரு பிடி மண்ணையும் எடுத்து இரண்டு கையிலும் வைத்துப் பாருங்கள். எது வேண்டும் என்று உங்கள் கையே சொல்லிவிடும்.