இடி கேட்டதா? உடனே கீழே இறங்கு!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 'ராக்கி மலைத் தேசியப் பூங்கா' இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் என்று நினைத்து விடாதீர்கள். மலை, காடு, ஏரி, புல்வெளி என்று சுமார் 1,075 சதுர கி.மீ. பரந்து கிடக்கும் இடம் அது. அதன் வாசல்படி போல் அமைந்த ஊர், எஸ்டஸ் பார்க்.

ஈனோஸ் மில்ஸ் என்ற சிறுவன், உடல்நலம் தேறுவதற்காகத் தன் 14ம் வயதில் இந்த மலைப்பகுதிக்கு வந்தான். மலை அவனைப் பிடித்துக்கொண்டது. வளர்ந்ததும், பயணிகளுக்கு வழிகாட்டியானார். 'இந்த மலைகளைக் காப்பாற்றுங்கள்' என்று ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். அந்த உழைப்பின் பலனாக, 1915ல் இது தேசியப் பூங்கா ஆனது.

அங்கே போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? இதோ...

மெதுவாக ஏறுங்கள்!

விமானத்தில் வருவோர் இறங்கும் டென்வர் நகரமே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். எஸ்டஸ் பார்க், சுமார் 2,290 மீட்டர். அங்கிருந்து 'டிரெயில் ரிட்ஜ்' என்ற சாலையில் காரில் போனால், 3,713 மீட்டர் உயரத்தைத் தொட்டு விடலாம்!

உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். சாலையின் உச்சியில், கடற்கரையில் கிடைப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். அதனால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரலாம். ஓரிரு நாள் கீழே தங்கி, உடலைப் பழக்கிக்கொண்டு, பிறகு மேலே போவது நல்லது. தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும்.

'சொன்னால் பயணம் கெட்டுவிடுமே' என்று தலைவலியை மறைக்கக் கூடாது. உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். உடம்பு மோசமானால், கீழே இறங்குவதுதான் முதல் மருந்து!

வெயில் உண்டு, குளிரும் உண்டு!

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும், வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே சட்டையோடு நின்றவர், மேலே கம்பளி தேடுவார். ஒரே தடித்த கோட்டைவிட, மூன்று மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது வசதி. மழைக்கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி அவசியம். மேலே காற்று அடர்த்தி குறைவு. அதனால், குளிரும்போதே வெயில் தோலைச் சுட்டுவிடும்.

டிரெயில் ரிட்ஜ் சாலை, பனியால் வழக்கமாக அக்டோபர் நடுவிலிருந்து மே கடைசி வரை மூடப்பட்டிருக்கும். நுழைவுக் கட்டணமும் முன்பதிவு விதிகளும் அவ்வப்போது மாறும். பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மதியத்துக்குள் திரும்புங்கள்!

கோடையில் அங்கே காலை வானம் பளிச்சென்று இருக்கும். மதியம் ஆனதும் கருமேகம் திரளும். இடி, மின்னல் வரும். உச்சிப் பகுதியில் மரங்களே கிடையாது. அங்கே நிற்பவர்தான் உயரமான பொருள்! 2014 ஜூலையில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இருவர் இப்பூங்காவில் மின்னலுக்குப் பலியானார்கள்.

மின்னல் தெரிந்ததும் நொடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கி.மீ. கடக்க சுமார் மூன்று நொடி ஆகும். ஒன்பது நொடியில் இடி கேட்டால், மின்னல் மூன்று கி.மீ. தொலைவில்! ஆனால், கணக்குப் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்காதீர்கள். இடி காதில் விழுந்தாலே ஆபத்துதான். உடனே காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டும். காரின் ரப்பர் டயர் நம்மைக் காப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. காரின் உலோகக் கூடுதான், மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடுகிறது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே இறங்கலாம்.

எட்டி நின்று பாருங்கள்!

'எல்க்' என்னும் பெரிய மான்கள், எஸ்டஸ் பார்க் தெருக்களில்கூட மேய வரும். ஆண் மான், 300 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். இலையுதிர் காலத்தில் இவை விசில் ஊதுவதுபோல் குரல் எழுப்பும், முட்டி மோதும். எல்க்குக்கும் காட்டு ஆட்டுக்கும் 23 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். கரடிக்கும் 'மூஸ்' என்ற ராட்சத மானுக்கும் 36 மீட்டர்.

முயலின் உறவான குட்டி 'பைக்கா', கோடையிலேயே புல்லைச் சேகரித்துக் காயவைத்து, குளிர்காலத்துக்குச் சேமிக்கும். நாம் பிஸ்கட் போட்டுப் பழக்கினால், விலங்குகள் தாமாக உணவு தேடுவதை விட்டுவிட்டு சாலைக்கு வரும், வண்டியில் அடிபடும். அதனால், உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம்.

காலடியில் கவனம்!

மர எல்லைக்கு மேலே தரையோடு தரையாகப் பூக்கும் செடிகளுக்கு, ஆண்டில் சில வாரங்களே வளரும் காலம். மிதிபட்ட இடம் பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். பாதையைவிட்டு இறங்காதீர்கள்.

பேட்ஜ் வேண்டுமா?

சிறுவர்களுக்காகவே அங்கே 'ஜூனியர் ரேஞ்சர்' திட்டம் உண்டு. பயணிகள் மையத்தில் தரும் புத்தகத்தில் உள்ள வேலைகளை முடித்து, ரேஞ்சரிடம் காட்டி, 'இயற்கையைக் காப்பேன்' என்று உறுதிமொழி எடுத்தால் பேட்ஜ் கிடைக்கும். பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொள்வது எளிது. கையில் பிஸ்கட் இருக்க, எதிரே அணில் நிற்க, கொடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அதைச் செய்பவரே உண்மையான ஜூனியர் ரேஞ்சர்!