ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்க

தோட்டத்து வாழ்க்கையில் கதைக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் வரை காத்திருக்கும் வேளையிலும், மங்கில் பால் வடிந்து முடியும் வரை மர நிழலில் அமர்ந்திருக்கும் வேளையிலும் கதை பேசாத தொழிலாளர் எவருளர்? ஆயினும், தோட்டங்களுக்குச் செல்லும்போது, “நாவல், சிறுகதை படிப்பதுண்டா?” என்று நாம் வினவினால் பெரும்பாலோர் தரும் விடை ஒன்றுதான்: “அதெல்லாம் படிச்சவங்களுக்கு, ஐயா.” அடக்கத்தினால் சொல்லப்படும் விடையே எனினும், இதில் ஒரு தவறான எண்ணம் மறைந்திருக்கிறது. அதனைப் பற்றியே இம்மாதம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

படிப்பு என்றால் தனியாக ஒரு மூலையில் அமர்ந்து, வாய் மூடி, கண்ணால் மட்டும் செய்யும் காரியம் என்று நாம் இன்று நினைக்கிறோம். நம் பாட்டனார் காலத்து லயங்களில் அது அவ்வாறு இருக்கவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதற்குப் பின்னருங்கூட, ஒரு லயத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதாம். அவர் மண்ணெண்ணெய் விளக்கருகே அமர்ந்து பெரிய எழுத்து நல்லதங்காள் கதையையோ அல்லி அரசாணி மாலையையோ இராகம் போட்டு வாசிப்பார். சுற்றி அமர்ந்திருப்போர் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்பர். நல்லதங்காள் கிணற்றடிக்கு வரும் கட்டத்தில் பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொள்வர். அடுத்த மாதம் அதே கதை மீண்டும் வாசிக்கப்படும். அதே இடத்தில் மீண்டும் அழுவர். 1924ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ தோன்றிய பின்னர், ஏடும் இவ்வாறே ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சென்றது. ஒருவர் படிக்க மற்றவர் கேட்டனர். (அந்த நாளேடு 2019ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று என்பதை வாசகர்கள் அறிவர்.) எழுத்தறியாத அம்மக்களை வாசகர்கள் அல்லர் என்று எவ்வாறு சொல்வது? அவர்கள் காதால் படித்தனர்.

இந்தப் பழக்கத்தை நாம் இடையில் கைவிட்டுவிட்டோம். முதலில் வானொலி வந்தது, பிறகு தொலைக்காட்சி வந்தது, இப்பொழுது கைப்பேசி வந்திருக்கிறது. காரணம் எதுவாயினும் ஆகுக. கைவிட்ட காலத்தில்தான், வேடிக்கையாக, நம்மைப் பற்றிய கதைகள் பெருகத் தொடங்கின.

மலாயாவில் எழுதப்பட்ட முதல் தமிழ் நாவல் என்று கூறப்படும் ‘கருணாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூறாண்டுகள் கடந்துவிட்டன. 1950ஆம் ஆண்டில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் ‘தமிழ் நேசன்’ வழியாகக் கதை வகுப்பு ஒன்றை நடத்தி, கதை எழுதும் முறையை வாசகர்களுக்குக் கற்பித்தனர். தமிழகத்து அகிலன் இந்நாட்டுத் தோட்டங்களை நேரில் கண்டு சென்று 1970களில் எழுதியது ‘பால்மரக் காட்டினிலே’. விருந்தாளியாக வந்தவர் எழுதிய அந்நாவலைப் பலர் அறிந்திருக்கின்றனர். இங்கேயே பிறந்து வளர்ந்தோர் எழுதியவற்றை அந்த அளவுக்கு அறிந்திருக்கவில்லை என்பதே நமது குறை. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ 1993ஆம் ஆண்டில் வந்தது. கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமியின் ‘மண் புழுக்கள்’ தோட்டத்து மக்களின் பேச்சையே தன் மொழியாகக் கொண்ட நாவல். தோட்டக் கதைதான் வேண்டும் என்பதும் இல்லை. நோயுற்ற முதியவர் ஒருவரின் கடைசி நாட்களைச் சொல்லும் ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ எந்த வீட்டிலும் படிக்கத் தக்கது.

இவற்றைப் பட்டியலிடுவது எளிது. ஒரு நூல் மக்களிடையே சென்றால் என்ன நிகழ்கிறது என்பதைப் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் நாம் நேரில் கண்டோம். அதனைச் சொல்வதே பயன் தரும்.

அத்தோட்டத்தில் பெண்கள் சிலர், ஆயாக் கொட்டகையாக இருந்த பழைய கட்டடத்தில், வாரம் இருமுறை கூடி நாவல் படிக்கின்றனர். நாம் சென்றிருந்த நாளில் காலையிலிருந்து மழை. மரம் நனைந்துவிட்டால் வெட்டு இல்லை அல்லவா? ஆகவே பிற்பகலிலேயே கூடிவிட்டனர். பத்தாம் வகுப்பு வரை படித்த பால்வெட்டுப் பெண் ஒருவர் வாசிக்க, பதினோரு பேர் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுள் அறவே எழுத்தறியாதவர் மூவர். படிக்கப்பட்ட நூல் ‘சயாம் மரண ரயில்’.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942க்கும் 1943க்கும் இடையில், சயாமிலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை காட்டினூடே அமைக்கப்பட்டதையும், அதற்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டதையும், காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் அவர்களுள் பல்லாயிரவர் அங்கேயே மாண்டதையும் நம்முள் பலர் பள்ளியில் ஓரிரு வரிகளாகக் கற்றிருக்கிறோம். அன்று அந்தக் கொட்டகையில் வாசிப்பு ஆட்களை ஏற்றிச் செல்லும் பகுதிக்கு வந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த எண்பது வயதைக் கடந்த மூதாட்டி கையை உயர்த்தினார்.

“ஏம்மா, அந்த எடத்த இன்னொருக்கா படி.”

அப்பெண் மீண்டும் படித்தார். மூதாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்கப்பா சயாமுக்குப் போனார்னு அம்மா சொல்லும். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது. சயாம்னா ஏதோ பக்கத்துத் தோட்டம்னே நான் ரொம்ப நாள் நெனச்சிக்கிட்டிருந்தேன். வேல முடிஞ்சா வந்திருவாருன்னு.”

அதன் பின்னர் வேறொருவர் தம் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர், சயாமுக்கு ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தம் தாத்தா காட்டில் மூன்று இரவுகள் ஒளிந்திருந்த செய்தியைச் சொன்னார். ஒரே லயத்தில் முப்பது ஆண்டுகள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் இவற்றை அதுவரை சொல்லியதில்லை. அன்று படிக்கப்பட்டவை மூன்றே பக்கங்கள். நாம் பார்த்தவற்றுள் சிறந்த வாசிப்புக் கூட்டம் அதுவே என்று தயங்காமல் சொல்வோம்.

இங்கே நமது பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் அமர்ந்த தொடக்க ஆண்டுகளில், நல்ல சிறுகதை ஒன்றை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் படித்துக் காட்டினோம். வகுப்பு அசையாமல் கேட்டது. முடித்த உடனே கரும்பலகையில், “இக்கதை உணர்த்தும் கருத்து யாது?” என்று எழுதினோம். முகங்கள் வாடின. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, “கேக்கறப்போ நல்லா இருந்திச்சு சார். கேள்வி கேட்டதும் மறந்து போச்சு” என்றாள். ஆசிரியர் என்ற முறையில் நாம் பெற்ற கடுமையான திறனாய்வு அது. வாசிப்பு வட்டம் நடத்த முன்வருவோர் இந்தத் தவறைச் செய்யாதிருக்க வேண்டும். கருத்துக் கேட்க வேண்டாம். “அவள் அப்படிச் செய்தது சரியா?” என்று யாரேனும் தாமே தொடங்கினால், பேச விட்டுவிடுங்கள். எவரும் தொடங்காவிட்டால் தேநீர் அருந்திவிட்டு வீட்டுக்குச் செல்லலாம். கதை உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

நடைமுறை என்ன என்று கேட்பீர்கள். வேலைக் கணக்குப் போலவே இதற்கும் ஒரு கணக்கு உண்டு. உரக்க, நிதானமாகப் படித்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 2 நிமிடங்கள் ஆகும். 200 பக்க நாவலுக்கு 400 நிமிடங்கள். ஓர் அமர்வுக்கு 25 நிமிடங்கள் என்று வைத்துக்கொண்டால் 16 அமர்வுகள். வாரம் இரண்டு என்றால் இரண்டே மாதங்களில் ஒரு நாவல் முடிந்துவிடும். நூலின் விலை 20 அல்லது 30 ரிங்கிட் இருக்கலாம். பத்துக் குடும்பங்கள் பங்கிட்டால் வீட்டுக்கு 2 அல்லது 3 ரிங்கிட். அரை மணிக்கு மேல் நீட்ட வேண்டாம். விடியுமுன் எழுந்து மரத்தடிக்குச் செல்ல வேண்டியவர்கள் அல்லவா நாம்? படிப்பவர் குரல் நல்லதாக இருக்க வேண்டுவதில்லை. தெளிவாக இருந்தால் போதும். உரையாடல் வரும் இடங்களை இளையோரிடம் கொடுத்துப் பாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டே படிப்பர், மூன்றாம் நாளில் தாமாகவே கேட்டு வாங்குவர். தமிழ்ப்பள்ளியை விட்டபின் தமிழ் நூலைத் தொடாத பிள்ளைகள் எத்தனையோ பேர் இவ்வழியில் மீண்டும் தொட்டிருக்கின்றனர்.

நூல் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, நம் நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலுக்கும் ஐந்து படிகளைப் பதிப்பிப்போர் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆகவே நம் கதைகளுக்குக் கோலாலம்பூரில் பாதுகாப்பான இடம் இருக்கிறது. கதை நிகழும் தோட்டத்திலோ ஒரு படி கூட இருப்பதில்லை. நம் எழுத்தாளர்களுள் பெரும்பாலோர் சொந்தப் பணத்தில் நூலை அச்சிடுகின்றனர். வெளியீட்டு விழா நடக்கிறது, பிரமுகர்கள் கடித உறையில் பணம் வைத்துக் கொடுத்து நூலைப் பெற்றுக்கொள்கின்றனர், புகைப்படம் எடுக்கப்படுகிறது. அந்த ஆதரவைக் குறை கூறவில்லை. அது இல்லையேல் பல நூல்கள் அச்சேறியே இரா. ஆனால் அவ்வாறு வாங்கப்பட்ட நூல்களுள் எத்தனை படிக்கப்பட்டன என்று கேட்டால், அவ்விழாக்களுக்குச் சென்று வந்த நாமும் சற்றே தலைகுனிய வேண்டியிருக்கும். மீதமுள்ள படிகள் எழுத்தாளர் வீட்டில் பெட்டிகளில் உறங்குகின்றன. நூலின் முதற்பக்கங்களில் அவருடைய முகவரியோ தொலைபேசி எண்ணோ அச்சிடப்பட்டிருக்கும். தயங்காமல் தொடர்பு கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார் என்றால் தபால் செலவையும் தாமே ஏற்று அனுப்பக்கூடிய எழுத்தாளர்களை நாம் அறிவோம். அருகிலுள்ள பொது நூலகத்திலும் கிராம நூலகத்திலும் தமிழ் நூல் வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். கேட்பார் இல்லாத நூலை எந்த நூலகமும் வாங்குவதில்லை.

புதிய கதைகள் வருகின்றனவா என்று ஐயுற வேண்டாம். நாளேடுகளின் ஞாயிறு மலர்கள் இன்றும் சிறுகதைக்கு இடம் தருகின்றன. இளையோர் சிலர் கைப்பேசியிலேயே கதைகளைத் தேடிப் படிக்கின்றனர். அதையும் உரக்கப் படித்தால் மற்றவர்க்கும் கிடைக்கும்.

தோட்டத்து வாசகருக்கு மட்டுமே உள்ள ஒரு தகுதியையும் குறிப்பிட வேண்டும். ஒரு கூட்டத்தில் படிக்கப்பட்ட சிறுகதையில் கதாநாயகி மாலை மயங்கும் வேளையில் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டச் செல்கிறாள். எழுதியவர் நகரவாசி. அவருக்கு அந்தி வானத்தின் சிவப்பு தேவைப்பட்டிருக்கிறது. கேட்டிருந்தவர்கள் சிரித்துப் புரண்டுவிட்டனர். வெயில் ஏறுமுன், பட்டைக்குள் பால் விம்மி நிற்கும் குளிர்ந்த வேளையிலேதான் வெட்ட வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குன்றும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். பேராசிரியர் எவரும் பிடிக்காத பிழையை அவர்கள் பிடித்துவிட்டனர். சிரித்ததோடு நிறுத்தாமல் எழுத்தாளருக்கு அதனை ஒரு கடிதமாக எழுதுங்கள் என்றோம். எழுதினர். இரண்டு வாரத்தில் நன்றி கூறிப் பதில் வந்தது. ஒருநாள் விடியற்காலையில் தோட்டத்துக்கு வந்து பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தார்.

பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, லயங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிரட்டுக் களம் என்றால் என்னவென்று சொல்ல, நாளை இந்நூல்கள்தாம் இருக்கப் போகின்றன. அவை சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்கக் கூடியவர்கள், இன்று மரத்தடியில் நிற்கும் நீங்கள்தாம்.

பேராக் தோட்டத்து வாசிப்பு தொடர்கிறது. ‘சயாம் மரண ரயில்’ முடிந்து, இப்பொழுது ‘மண் புழுக்கள்’ தொடங்கியிருக்கிறார்கள். அந்த மூதாட்டி பின்வரிசையை விட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டாராம். கதையில் வருவோர் தம் வீட்டில் பேசுவது போலவே பேசுகிறார்களே என்று அவருக்குப் பெருவியப்பு. “இப்படிப் பேசினாக் கூடப் புத்தகத்துல போடுவாங்களா?” என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாசிப்பு வியாழக்கிழமை என்று செய்தி அனுப்பியிருக்கின்றனர்: மழை பெய்தால் பிற்பகலில், பெய்யாவிட்டால் இரவு எட்டு மணிக்கு.