ஆய்வகத்தில் ஊதிய குமிழி

பங்கு விலை எகிறும்போதெல்லாம் அதற்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லப்படும்: புதிய தொழில்நுட்பம், வட்டிக் குறைப்பு, வெளிநாட்டுப் பணம். இவை எதுவுமே நுழைய முடியாத ஒரு சந்தையை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் வெர்னன் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் ஆய்வகத்தில் அமைத்தார்கள்.

அங்கே ஒரே ஒரு பங்குதான். 15 சுற்று வியாபாரம். சுற்று முடியும்போதெல்லாம் 0, 8, 28, 60 சென்ட் ஆகிய நான்கில் ஒன்று ஈவுத்தொகையாக வரும். நான்குக்கும் சம வாய்ப்பு என்பதால் சராசரி 24 சென்ட். ஆகவே பங்கின் மதிப்பு தொடக்கத்தில் 3 டாலர் 60 சென்ட். சுற்றுக்கு 24 சென்ட் வீதம் குறைந்து கடைசியில் ஒன்றுமில்லை. இந்தக் கணக்கு ஆட வந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் விலையும் படிப்படியாக இறங்க வேண்டும். ஆனால் மதிப்பைவிட மலிவாகக் கைமாறத் தொடங்கிய பங்கு ஏறிக்கொண்டே போனது. மதிப்பு தேயத் தேய விலை உயரத்திலேயே நின்று, இறுதிச் சுற்றுகளில் தடாலென்று விழுந்தது. 1988இல் இந்த ஆய்வு வெளியான பிறகு எத்தனையோ ஆய்வகங்களில் இதே குமிழி ஊதி வெடித்திருக்கிறது. மதிப்பு தெரிந்தாலும் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பது தெரியாது. அந்த நிச்சயமின்மையே குமிழியை ஊதுகிறது என்பது ஸ்மித் குழுவின் விளக்கம்.

அதே ஆட்களை மூன்றாம் முறை உட்கார வைத்தால் குமிழி பெரும்பாலும் அடங்கிவிடும். பட்டவர்கள் தெளிந்துவிட்டார்கள் என்று நிம்மதியடைய முடியவில்லை. கையிருப்புப் பணத்தையும் ஈவுத்தொகையின் ஏற்ற இறக்கத்தையும் கூட்டியதும், பழகியவர்களிடமே குமிழி திரும்ப வந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. என்னை உலுக்கிய முடிவு இதுதான். நிஜச் சந்தையில் சூழல் என்றைக்கு மாறாமல் இருந்தது?

2014இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஆடுபவர்களின் மூளையையே ஸ்கேன் செய்தது. அதிகம் சம்பாதித்தவர்களுக்கு, விலை உச்சம் தொடும் முன்பே, உடல் அசௌகரியத்தை உணர்த்தும் இன்சுலா பகுதி விழித்துக்கொண்டது; அவர்கள் விற்று வெளியேறினார்கள்.

நிஜச் சந்தையில் ஏற்றத்தின் கடைசிக் கட்டத்தில் கடன் பணமும் சேர்ந்துகொள்வதுதான் பெரிய ஆபத்து. சொந்தப் பணம் 1 லட்சம், பங்கையே ஈடாக வைத்துத் தரகரிடம் வாங்கிய மார்ஜின் கடன் 1 லட்சம் போட்டு வாங்கிய பங்கு 25 சதவீதம் இறங்கினால் சொந்தப் பணத்தில் பாதி போய்விடும். தரகர் மேலும் பணம் கேட்பார். கட்டாவிட்டால் பங்கை விற்றுவிடுவார். அப்படி விற்கப்படும் பங்குகளே விலையை இன்னும் கீழே தள்ளும்.

ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915இல் முடிந்தது. அந்த உயரத்தை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள் வட்டி கட்டிக் காத்திருக்க யாராலும் முடியாது. உச்சத்தில் நிற்கும் சந்தைக்குள் நகையை அடகு வைத்து நுழையாதீர்கள்.