கோட்டைக்குள் கலைந்து கிடக்கும் எழுத்து

திருகோணமலைக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் உள்ளே மான்களைத் தேடுவார்கள். வாசல் நிலைக்கல்லில் இரட்டைக் கயல் சின்னமும், தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் இருப்பதை நின்று பார்ப்பவர்கள் கொஞ்சப்பேர்தான்.

இந்தக் கோட்டைக் கற்கள் கோணேசர் கோயிலாக இருந்த காலத்தில் அவற்றுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சுவரில் வெட்டும் சாசனம் ஒரு கல்லோடு நிற்பதில்லை. பொருத்துகளைத் தாண்டி அடுத்தடுத்த கற்களில் ஓடும். 1620களில் போர்த்துக்கேயக் கப்பித்தான் ஜெனரல் கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்தார். பிறகு அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. கொத்தன் பார்த்தது கல்லின் அளவை மட்டுமே. எழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த வரி எங்கே அறுகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தேவைப்படவில்லை. சொற்கள் அங்கேதான் கலைந்தன.

வாசல் கல்லை வாசிக்க எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வழி இருந்தது: மனப்பாடம். குளக்கோட்டன் என்ற மன்னன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், குலைப்பான் என்று முன்னறிவிக்கும், அந்தக் கல்லில் உள்ளதாகச் சொல்லப்படும் பாடல் அவர்கள் வாயில் முழுதாக இருந்தது. கல்லில் எழுத்து உடைந்த இடத்தை நாக்கு நிரப்பிவிடும். அந்த நினைவு இல்லாதிருந்தால் கல்லில் மிஞ்சிய துண்டுகளுக்குப் பொருளே கிடைத்திருக்காது. ஆனால், பாடலின் பிற்பகுதியை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அதனால் கல் சொல்வது எது, நாம் சேர்த்துச் சொல்வது எது என்பது மங்கிப்போயிற்று.

இன்றைய கல்வெட்டாய்வு அந்த எல்லையைக் காட்டுகிறது. ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை பூசிப் படி எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரிந்த எழுத்து ஒரு பக்கம்; ஊகித்த எழுத்து பகர அடைப்புக்குள். எனக்கு மிகவும் பிடித்த நேர்மை இது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது, எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ‘கொன’ என்று இருந்தால் அது ‘கோன்’ என்ற அரசனாகலாம், ‘கொன்றை’யின் முன்பாதியாகவும் இருக்கலாம். முன்னும் பின்னும் உள்ள எழுத்துகள்தான் சாட்சி. பக்கத்துக் கல் வேறெங்கோ போய்விட்டால் சாட்சியும் போயிற்று.

அப்படியும் பலன் கிடைத்திருக்கிறது. இதே கோட்டையில் கிடைத்த ஒரு துண்டுக் கல், கிரந்த எழுத்தில் சமஸ்கிருதத்தில் வெட்டியது. அதில் சக ஆண்டு 1145, அதாவது கி.பி. 1223, சோழகங்க தேவன் என்ற பெயர், கோகர்ணம் என்று இந்தத் தலம். முழுச் சாசனம் கைக்கு வரவில்லை. ஆனாலும் ஓர் ஆண்டும் ஓர் ஆளும் ஓர் இடமும் உறுதியாக நம் வரலாற்றில் சேர்ந்தன.

கோட்டைக்குள் இன்று படைமுகாமும் உண்டு, வழிபாட்டுக்குப் போகும் பாதையும் உண்டு. கடற்காற்றின் உப்பு கல்லை ஓயாமல் அரிக்கிறது. சாய்வாக ஒளி பாய்ச்சிப் படமெடுத்தால் விரலுக்குத் தட்டுப்படாத கீறலும் நிழலாகத் தெரியும். அதற்குச் சாதாரண கைப்பேசியே போதும். தொல்லியல் திணைக்களமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் சேர்ந்து இந்த மதிலை ஒவ்வொரு கல்லாகப் படமெடுத்துப் பதியவேண்டும், உள்முகமாகத் திருப்பிக் கட்டிய கற்கள் பழுதுபார்ப்பின்போது வெளிப்பட்டால் அவற்றையும்.