நின்று நின்று ஓடும் புல்வெட்டி

பூங்காவிலோ பெரிய பள்ளியின் விளையாட்டு மைதானத்திலோ பெட்ரோலில் ஓடும் புல்வெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய புல்வெட்டிகள் சில நேரம் முரண்டு பிடிக்கும். கயிற்றை இழுத்ததும் கிளம்பும், பத்து நிமிடம் ஜோராக ஓடும், பிறகு திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். டேங்க்கில் பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கிறது. அப்புறம் ஏன் நிற்கிறது? வாருங்கள், துப்பறிவோம்!

முதலில் இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். 1830-இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் உருவாக்கிய முதல் புல்வெட்டியில் இன்ஜின் கிடையாது. கையால்தான் தள்ள வேண்டும். இன்றைய பெட்ரோல் புல்வெட்டிகள் பலவற்றில் இருப்பது நான்கு வீச்சு இன்ஜின். 1876-இல் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ ஓடவைத்துக் காட்டிய முறை அது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழு, அழுத்து, எரி, புகையை வெளியே தள்ளு. இவைதான் அந்த நான்கு வேலைகள். நான்கு வேலைகளும் முடிய இன்ஜின் இரண்டு முறை சுற்ற வேண்டும். அதனால், நிமிடத்துக்கு 3000 முறை சுற்றினால், ஒவ்வொரு நொடியும் 25 முறை கலவை எரிகிறது என்று கணக்கு. பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றும் ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தாக வேண்டும். ஒன்று வராவிட்டாலும் இன்ஜின் நின்றுவிடும்.

நம் புல்வெட்டி ஓடிய பிறகுதானே நிற்கிறது? அதுதான் முக்கியமான துப்பு. இதை வைத்து இருவரைச் சந்தேகிக்கலாம்.

முதல் ஆள், டேங்க் மூடி. அதில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே போகும். தூசியும் புல்லும் துளையை அடைத்துவிட்டால் காற்று நுழையாது. டேங்க்குக்குள் அழுத்தம் குறையும், பெட்ரோல் கீழே இறங்காது. சிறிது நேரம் கழித்து எங்காவது இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போனதும் இன்ஜின் மறுபடி ஓடும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஊசியால் ஒரு சிறு துளை போட்டுத் தரும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள். துளையை விரலால் பொத்திக்கொண்டு தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி மூடுங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் சிறிது வந்து நின்றுவிடும். மூடியைத் தளர்த்துங்கள், மறுபடி பீறிடும்!

இரண்டாவது ஆள், இக்னிஷன் காயில். மிக மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றி இதைச் செய்கிறார்கள். தீப்பொறிக்குத் தேவையான, பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இதிலிருந்துதான் கிடைக்கிறது. பழைய காயிலில் கம்பி எங்காவது விண்டிருந்தால், சூட்டில் விரிந்து விலகும். தீப்பொறி நின்றுபோகும். ஆறியதும் கம்பி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இருவரும் ஒரே மாதிரிதான் தொல்லை கொடுக்கிறார்கள். குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெக்கானிக் செய்வது இதுதான். இன்ஜின் நின்ற உடனே டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டுக் கயிற்றை இழுப்பார். உடனே கிளம்பி, தொடர்ந்து ஓடினால் மூடிதான் காரணம். கிளம்பவில்லையா? இன்ஜினுக்குள் தீப்பொறியை உண்டாக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வந்தும் தீப்பொறி வரவில்லை என்று பொருள். சந்தேகம் காயில் பக்கமோ பிளக் பக்கமோ திரும்பும். முனை காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை.

அப்போது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதுதான். பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்க்கிலேயே விட்டால், எளிதில் ஆவியாகும் பகுதி போய், பிசின் போன்ற கசடு தங்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது. அதை அடைக்கக் கொஞ்சம் கசடு போதும். இப்போது நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனாலும் கலக்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் சேர்ந்தாலும் இன்ஜின் திணறும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகி, கறுப்புப் புகை வரும்.

நல்ல மெக்கானிக் மூடி, பிளக், காயில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற மாட்டார். அப்படி மாற்றினால் இயந்திரம் ஓடலாம், ஆனால் எது பழுது என்று தெரியாமலே போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார். ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் பின்பற்றுவதும் இதே முறைதான்.

ஒரு எச்சரிக்கை: புல்வெட்டியை நீங்கள் தொடக்கூடாது. பெட்ரோல் சட்டென்று தீப்பற்றும். பிளக் வயரைக் கழற்றாமல் பிளேடைத் திருப்பினால் இன்ஜின் திடீரென்று கிளம்பிவிடலாம். உங்களுக்குப் பாட்டில் சோதனை போதும். அதில் துளையைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? மூடி இறுக்கமாக இருந்தும் தண்ணீர் ஒழுகுகிறதா? செய்து பார்த்து, காரணத்தை நோட்டில் எழுதுங்கள்.