முழங்கால் தண்ணீர்

ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் பாதுகாப்புக்குக் குறைவே இருக்காது. சவுக்குக் கம்புகளால் தடுப்புக் கட்டியிருப்பார்கள். தீயணைப்புத் துறையினர் படகோடு நிற்பார்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். ஆறு கரை தொட்டு ஓடும்போது பயம் எல்லோருக்கும் தானாக வந்துவிடுகிறது. மே மாதத்து விடியற்காலையில், ஸ்ரீரங்கத் தீவின் மறுபக்கம் கொள்ளிடக் கரையில், இவற்றில் ஒன்றும் இருக்காது. மணல் திட்டுகளுக்கு நடுவே முழங்கால் அளவுத் தண்ணீர் ஓடும். வெளியூரிலிருந்து பெருமாளைச் சேவிக்க வருகிற குடும்பங்கள் அதிகம் அஞ்ச வேண்டியது இந்த ஆற்றைத்தான்.

2023 மே மாதம் ஸ்ரீரங்கத்தில் வேதபாடசாலை மாணவர்கள் சிலர் விடியற்காலையில் கொள்ளிடத்தில் குளிக்கப் போனார்கள். மூன்று சிறுவர்கள் உயிரோடு திரும்பவில்லை. விளையாட வந்த சுற்றுலாக் கூட்டம் என்று அவர்களைச் சொல்ல முடியாது. ஊரிலேயே தங்கிப் படித்தவர்கள். அப்போது வெள்ள எச்சரிக்கைக் காலமும் இல்லை, மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் பருவமும் இல்லை. அந்தப் பருவம் வழக்கப்படி ஜூன் 12-இல் தொடங்கி ஜனவரி 28-இல் முடியும். ஆறு காலியாகக் கிடக்கிறது என்று ஊரே நம்பும் மாதத்தில் நடந்த சாவு அது.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஆற்றின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சிக்கு மேற்கே ஏறக்குறைய 18 கி.மீ. தொலைவில் முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். இயற்கைப் போக்கில் விட்டால் தண்ணீர் கொள்ளிடத்துக்கே போகும். அதன் படுகை தாழ்வானது, ஓட்டம் நேரானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை வயல்களுக்குப் போக வேண்டிய நீர் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் 1836–38-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அன்றிலிருந்து காவிரி பாசனத்துக்கு, கொள்ளிடம் வடிகாலுக்கு என்று ஏற்பாடு. மிஞ்சிய நீர் கொள்ளிடத்தில் இறங்கும். எப்போது, எவ்வளவு என்பதை ஷட்டர்கள் தீர்மானிக்கும்.

ஆகவே கொள்ளிடத்தில் தண்ணீர் கூடுவதற்கும் ஸ்ரீரங்கத்து வானத்துக்கும் சம்பந்தம் இல்லை. வெயில் கொளுத்தும்போதே நீர் ஏறலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முக்கொம்பிலிருந்து ஸ்ரீரங்கத்து வடகரைக்கு ஆற்றுவழி பதினைந்து கிலோமீட்டருக்குள்தான் வரும். ஈர மணலில் நொடிக்கு ஒரு மீட்டர் அல்லது ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் மூன்று, நான்கு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். நள்ளிரவு தாண்டி உயர்த்திய ஷட்டரின் தண்ணீர், விடிகாலை ஸ்நானத்துக்குச் சரியாக வந்து நிற்கும். கரையோர ஊர்களுக்குத் தண்டோராவும் ஒலிபெருக்கியும் உண்டு. முதல்நாள் இரவு மதுரையிலோ சேலத்திலோ பஸ் ஏறியவர் காதில் அது எப்படி விழும்?

தண்ணீர் கூடுகிறது என்பதைக் கண் உடனே கண்டுபிடிக்காது. அகலமான மணல் ஆற்றில் நீர் முதலில் பக்கவாட்டில்தான் பரவும். நீங்கள் நடந்துவந்த வழியில் இருந்த பள்ளம் முதலில் நிரம்பும். நீங்கள் நிற்கும் திட்டு அப்படியே இருக்கும். திரும்பிப் பார்க்கும்போது கரைக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு புது ஆறு ஓடும். நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. காலையில் நின்று பல் தேய்த்த அதே முழங்கால் ஆழம், அரை மணி கழித்துக் காலை வாரிவிடும்.

அடுத்தது மணல் குழி. காவிரியிலும் கொள்ளிடத்திலும் பல ஆண்டுகள் மணல் அள்ளியிருக்கிறார்கள், அனுமதியோடும் இல்லாமலும். 2023-இல் அமலாக்கத் துறை தமிழ்நாட்டு மணல் குவாரிகளில் சோதனை நடத்தியது, ஐ.ஐ.டி. கான்பூர் வல்லுநர்களைக் கொண்டு அள்ளிய அளவைக் கணக்கிட்டது. திருச்சி உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு அழைப்பாணை போயிற்று. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. வழக்கின் போக்கு எப்படியோ இருக்கட்டும், தோண்டிய குழி தீர்ப்புக்குக் காத்திருப்பதில்லை. ஆறு வற்றியிருக்கும்போது அது தெளிந்த குட்டையாகத் தெரியும். கலங்கிய நீர் ஓடத் தொடங்கியதும் மறைந்துபோகும். கணுக்கால் நீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் நீரில் இருப்பார். விளிம்பைப் பிடித்து ஏறலாம் என்றால் ஈர மணல் கைக்கு நிற்காது, பிடிக்கப் பிடிக்கச் சரியும். நீச்சல் தெரிந்தவர்களும் குழியில் திணறுவது இதனால்தான். கீழே தரை என்று நம்பியது நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் குட்டையில் நேற்று பையன்கள் குதித்து விளையாடினார்கள் என்பது இன்றைக்கு ஆதாரம் ஆகாது. ஒவ்வொரு வெள்ளமும் படுகையைப் புதிதாக எழுதிவிட்டுப் போகிறது.

காவிரியைத் தாய் என்கிறோம். ஆடி மாதத்தில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, பட்டும் மாலையும் மங்கலப் பொருள்களும் அவளுக்குச் சீராகக் கொடுக்கிறார். இந்தப் பாவனை எவ்வளவு அழகோ அவ்வளவு கண்ணையும் மறைக்கிறது. தாய் பிள்ளையை என்ன செய்துவிடுவாள் என்ற தெம்பில் இறங்குகிறவர்கள் உண்டு. ஆனால் இந்தத் தலத்தின் பழங்கதைகள் அந்தத் தெம்பைத் தரவில்லை. அயோத்தியிலிருந்து ரங்க விமானத்தை இலங்கைக்கு எடுத்துப்போன விபீஷணன் நதிக்கரையில் நியமங்களை முடிக்க நிற்கிறான். விமானத்தைச் சற்று நேரம் பிடித்துக்கொள்ளும்படி ஒரு சிறுவனிடம் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கியதாக மக்கள் வழக்கில் கதை. சிறுவன் அதைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் மலை உச்சியில் பிள்ளையாராக அமர்ந்தான். தலபுராணத்தில் இந்தச் சிறுவன் கிடையாது. சோழன் தர்மவர்மன் கேட்டுக்கொண்டதால் விபீஷணன் சில நாள் தங்கினான், பிறகு விமானம் அசையவில்லை என்றுதான் இருக்கிறது. மக்கள் சொன்ன கதையே எனக்குப் பிடித்தது. ஒரு முழுக்குப் போட்டு வருவதற்குள் எல்லாமே மாறிவிடும் என்பது அதில் இருக்கிறது.

கொள்ளிடத்தின் கதை இன்னும் கடுமையானது. திருமங்கை ஆழ்வார் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு மதில் எடுத்தபோது கூலி கேட்ட வேலையாட்களைப் படகில் ஏற்றிக் கொள்ளிடத்து நடுவில் கவிழ்க்கச் செய்தார், இறந்தவர்களுக்கு மோட்சம் கிடைத்தது என்று வைணவ மரபு சொல்லிவருகிறது. அதன் நியாய அநியாயத்தைப் பெரியவர்கள் விவாதிக்கட்டும். கொள்ளிடத்தில் கவிழ்ந்தால் கரை சேர்வது கிடையாது என்பதில் கதை சொன்னவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சித்ரா பௌர்ணமியில் அம்மா மண்டபத்தில் நடக்கும் கஜேந்திர மோட்சமும் யானையைக்கூட நீருக்குள் இழுக்கும் ஒன்று உண்டு என்றுதான் காட்டுகிறது. கொள்ளிடத்தில் முதலைகள் இன்றும் இருக்கின்றன, அணைக்கரைப் பகுதியில் நன்றாகவே. ஆனால் ஸ்ரீரங்கத்துக்கு வருகிற பக்தர் முதலைக்குப் பயந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். குழிக்குப் பயந்தால் போதும்.

பெருவெள்ளத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, அதன் ஆபத்து கண்ணுக்கே தெரியும். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தார்கள். ஒரு கனஅடி என்பது நொடிக்கு 28 லிட்டர் சொச்சம். ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் காட்டனின் பழைய அணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதியும் அதே மாதம் இடிந்து விழுந்தது. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் கொள்ளிடத்தில் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் சாய்ந்தது. இரும்பும் கல்லும் நிற்க முடியாத இடத்தில் செல்ஃபிக்காகத் தடுப்பைத் தாண்டுகிறவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது ஐப்பசியைப் பற்றி. இந்தத் துலா மாதத்தில் கங்கை உட்பட எல்லா நதிகளும் காவிரியில் வந்து நீராடுவதாக ஐதீகம். கோயில் திருமஞ்சனத்துக்கு மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வரும் தீர்த்தம், அந்த மாதம் முழுவதும் அம்மா மண்டபத்திலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் வரும். வயதானவர்கள் துலா ஸ்நானத்துக்கென்றே குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். அதே ஐப்பசிதான் வடகிழக்குப் பருவமழை இறங்கும் மாதமும். காலைச் செய்தியில் மேட்டூர் நீர்திறப்பு குறைந்தது என்று கேட்டதும் கவலை விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கின்றன. அமராவதி கரூருக்குப் பக்கத்தில் திருமுக்கூடலூரில் கலக்கிறது, மூன்றில் திருச்சிக்கு மிக அருகில் இதுதான். கொங்கு நாட்டில் ஓர் இரவு கொட்டிய மழை மேட்டூரைக் கேட்காமலே அம்மா மண்டபத்துப் படிகளில் ஏறும். இடையில் மாயனூர் கதவணையும் இருக்கிறது, அதைத் திறப்பதும் மூடுவதும் தனிக் கணக்கு. எனவே மேட்டூர் எண்ணைவிட முக்கொம்புக்கு வரும் நீரின் அளவைத்தான் கேட்க வேண்டும். அதைவிடவும் நம்பத்தகுந்தது, படித்துறையில் தினமும் இருக்கும் புரோகிதரிடமோ பூக்காரம்மாவிடமோ, “நேத்து எந்தப் படி வரைக்கும் தண்ணி இருந்துச்சு?” என்று கேட்பது. நேற்றைவிட இரண்டு படி ஏறியிருந்தால் இறங்கக் கூடாது.

படித்துறையிலும் தொல்லைகள் உண்டு. தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் தர்ப்பணம் முடித்தவர்கள் கட்டிய துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். அது கடைசிப் படியில் தேங்கிக் காலைச் சுற்றும். நனைந்த ஒன்பது கஜப் புடவை கட்டியவர் காலை வீசவே முடியாது. பாசி வழுக்கும். கடைசிப் படி எது என்று கலங்கல் நீரில் தெரியாது, அதற்கு அப்பால் தரை எங்கே என்பதும் தெரியாது.

இந்தியாவில் ஓராண்டில் தண்ணீரில் மூழ்கி இறப்பவர்கள் 38,000-க்கு மேல் என்று 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் ஒரு கொடுமை, ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவர் சாவது. மூழ்குகிறவர் சினிமாவில் காட்டுவதுபோல் கத்துவதில்லை. வாய் நீர்மட்டத்தில் இருக்கும்போது மூச்சுக்கே நேரம் போதாது, குரல் எங்கிருந்து வரும்? விளையாடுகிறான் என்றுதான் பக்கத்தில் நிற்பவர் நினைப்பார். புரிந்ததும் அப்பா குதிப்பார், அடுத்துச் சித்தப்பா. பயந்தவர் கையில் கிடைத்ததை அமுக்கித்தான் மேலே வரப் பார்ப்பார், அது தம்பியின் தோளாக இருந்தாலும். குதிக்காமல் எதையாவது வீசுவதே முறை. எட்டு முழ வேட்டி பன்னிரண்டு அடி நீளம், இரண்டை முடிந்தால் ஏறத்தாழ இருபது அடிக்கு மேல் எட்டும். காலிக் குடமும் மூடிய தண்ணீர் கேனும் மிதக்கும். கரையில் படுத்துக்கொண்டு வீச வேண்டும், நின்றுகொண்டு வீசினால் இழுப்பில் நீங்களும் போவீர்கள். வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது வேண்டாம். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதையும் மார்பை அழுத்துவதையும் உடனே தொடங்க வேண்டும். மூளை ஆக்ஸிஜன் இல்லாமல் தாங்குவது சில நிமிடங்கள்தான், ஆம்புலன்ஸ் அதற்குள் வராது.

இவ்வளவும் எதற்கு, குளிக்காமலே தரிசனம் செய்தால் என்ன என்று கேட்டால், தீர்த்தமாடாமல் வந்த யாத்திரை குறைப்பட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்குச் சாஸ்திரத்திலேயே பதில் இருக்கிறது. நீரில் முழுக முடியாதவர்களுக்கு மந்திர ஸ்நானம், மானச ஸ்நானம், விபூதியோ திருமண்ணோ இட்டுக்கொள்வது என்று மாற்றுகளை வரிசையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தலையில் தெளித்துக்கொள்வதும் ஏற்கப்பட்ட வழிதான். கோயிலுக்குள் சந்திர புஷ்கரணி இருக்கிறது. காவிரி நீர்தான் வேண்டும் என்றால் மேல் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கும் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் எந்த மாதத்திலும் இதுவே முறையாக இருக்கட்டும். கொள்ளிடத்தில் படித்துறை இல்லாத இடத்தில், மணலில் நடந்து போய், யாரும் குளிக்கக் கூடாது. விடியாத இருட்டில் எங்குமே கூடாது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. செல்போனிலிருந்து கூப்பிடும்போது திருச்சி எஸ்.டி.டி. குறியீடான 0431-ஐ முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கொம்பில் இப்போது எவ்வளவு தண்ணீர் வருகிறது, கொள்ளிடத்தில் எவ்வளவு விடுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் பஸ் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.