பூட்டுப் போட்டதும் கதவைத் தட்டுவது யார்?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்யும் ஒருவர் தன் பட்டறைக்கு ஓர் இணையதளம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்தபடியே தனியாளாக வெப்சைட் செய்து தரும் உள்ளூர் இளைஞர் ஒருவர் கிடைக்கிறார். டொமைன் பெயர் பதிவாகிறது, ஹோஸ்டிங் வாங்கியாயிற்று, கொலு பொம்மைப் படங்களும் ஏறிவிட்டன. முகவரியை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் சில நிமிடங்களில் ஆள் வரத் தொடங்கிவிடும். சர்வரின் வருகைப் பதிவைத் திறந்து பார்த்தால், வந்தவர்களில் ஒருவர்கூட பொம்மை பார்க்கவில்லை. நேராக நிர்வாகி உள்ளே நுழையும் பக்கத்தைத்தான் தேடியிருக்கிறார்கள். அவர்கள் மனிதர்களே அல்ல, 'பாட்' எனப்படும் தானியங்கி நிரல்கள்.

யார் சொல்லி வந்தன? பெரும்பாலும் பூட்டுதான் சொல்லியிருக்கும்.

தளத்துக்குப் பூட்டுப் போடுவதென்றால் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வாங்குவது. 'இந்தப் பெயர் இந்தத் தளத்துக்கு உரியதுதான்' என்று மூன்றாவது ஆள் ஒருவர் கையெழுத்திட்டுத் தருவது அது. 2011-இல் அப்படிக் கையெழுத்திடும் டச்சு நிறுவனமான டிஜிநோட்டாருக்குள் யாரோ புகுந்து, கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்துவிட்டார்கள். ஈரானில் பலரது ஜிமெயிலை ஒட்டுக்கேட்க அது பயன்பட்டது. இனி எந்தச் சான்றிதழும் ரகசியமாகப் பிறக்கக் கூடாது என்ற யோசனை அதன்பின் வலுத்தது. இன்று பொதுத் தளங்களுக்கு வழங்கப்படும் சான்றிதழ்கள் கிட்டத்தட்ட எல்லாமே யாரும் படிக்கக்கூடிய, அழிக்க முடியாத பொதுப் பேரேட்டில் ஏறுகின்றன. உங்கள் பெயரில் போலி பிறந்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். திருடனும் அதே பேரேட்டைப் படிக்கிறான் என்பதுதான் வேடிக்கை. புதுப் பெயர் ஏறியதும் பாட்கள் கிளம்பிவிடுகின்றன.

முன்பெல்லாம் இந்தச் சான்றிதழுக்குப் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற லாப நோக்கற்ற சேவை எல்லோருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. சரிபார்க்கும் முறை அழகானது. "தளம் உன்னுடையதா? அப்படியானால் நான் சொல்லும் இந்த எழுத்துக் கோவையை, நான் சொல்லும் இடத்தில் வை" என்கிறது அது. வைத்தபின் உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே சமயத்தில் எட்டிப் பார்க்கிறது. வழியில் ஒரு கம்பியை மட்டும் கைப்பற்றி ஏமாற்ற நினைப்பவன் அங்கே தோற்றுப்போகிறான். எல்லாம் நிரலுக்கும் நிரலுக்கும் இடையே சில நொடிகளில் முடிந்துவிடும். அதிகபட்சம் 90 நாளில் சான்றிதழ் காலாவதியாகும். புதுப்பிப்பதும் நிரல்தான்.

இனிதான் விந்தையே. சென்னையில் ஒருவர் போனில் இந்தத் தளத்தைத் திறக்கிறார். போனும் சர்வரும் இதற்குமுன் பேசிக்கொண்டதே இல்லை. நடுவில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அப்படியிருந்தும் இரண்டும் வெளிப்படையாகப் பேசியே ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கிக்கொள்கின்றன. 1976-இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட இந்த வழியைப் பேனாவும் தாளும் வைத்துச் செய்து பார்க்கலாம்.

5, 23 என்ற இரண்டு எண்கள் ஊருக்கே தெரியும். போன் தன் மனதுக்குள் 3 என்று நினைக்கிறது. 5-ஐ மூன்று முறை பெருக்கினால் 125. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 10. அந்த 10-ஐ உரக்கச் சொல்கிறது. சர்வர் மனதுக்குள் 7. ஐந்தை ஏழு முறை பெருக்கினால் 78,125, மீதி 17. அதுவும் 17-ஐ உரக்கச் சொல்கிறது. இப்போது போன், தான் கேட்ட 17-ஐ மூன்று முறை பெருக்குகிறது: 4,913. மீதி 14. சர்வர், தான் கேட்ட 10-ஐ ஏழு முறை பெருக்குகிறது: சரியாக ஒரு கோடி. 23-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி அதே 14. இந்தப் 14-ஐ யாரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை!

ஒட்டுக்கேட்டவனிடம் 5, 23, 10, 17 எல்லாம் இருக்கின்றன. எண்கள் சிறியவை என்பதால் அவனும் முயன்றால் கண்டுபிடித்துவிடுவான். நிஜத்தில் இந்தக் கணக்கு வளைகோடுகளின் மீது நடக்கிறது. 23-க்குப் பதிலாக அங்கே பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது, 255 இரண்டுகளைப் பெருக்கி 19-ஐக் கழித்தால் வரும் பகா எண். அதற்கு 77 இலக்கங்கள். நேராகக் கணக்கிட போனுக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட வேண்டாம். இன்றைய கணினிகள் அத்தனையும் சேர்ந்தாலும் பின்னோக்கிப் போக முடியாது.

கடவுச்சொல்லுக்கும் இப்படி ஒருவழிப் பாதைதான். ஒழுங்காகச் செய்த தளத்தில் கடவுச்சொல் எங்குமே எழுதிவைக்கப்படுவதில்லை. அதைச் சிதைத்துக் கிடைக்கும் 'ஹாஷ்' என்ற எழுத்துக் குவியல் மட்டுமே இருக்கும். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் நீரில் கரைத்துப் பிசையலாம். சூளையில் 600 டிகிரியைத் தாண்டிவிட்டால், அணுக்களோடு பிணைந்திருந்த நீரும் போய்விடும், பிறகு எந்தத் தண்ணீரிலும் அது கரையாது. ஹாஷ் என்பது சுட்ட மண். நீங்கள் மறுபடி கடவுச்சொல் தரும்போது தளம் அதையும் சுட்டு, இரண்டும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறது. 1999-இல் வந்த 'பிகிரிப்ட்' என்ற முறை வேண்டுமென்றே ஆமை வேகத்தில் சுடும். உங்களுக்கு ஒரு நொடிக்கும் குறைவான தாமதம். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க வேண்டிய திருடனுக்கோ ஆயுள் போதாது. 123456 என்று வைத்திருப்பவர்களுக்கு இந்த உறுதிமொழி செல்லாது.

போனுக்கும் சர்வருக்கும் இடையே இந்தப் பேச்செல்லாம் பயணிக்கும் கண்ணாடி இழையில் ஒளி ஓடும் நடுத்தண்டின் விட்டம் சுமார் 9 மைக்ரான், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு இழைகளைப் பிசகாமல் நேருக்கு நேர் நிறுத்த வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஃபெர்ரூல் என்ற வெள்ளை நிறச் சிறு குழாய், அதுவும் செராமிக்தான்! ஆனால் களிமண்ணில் வராது, சிர்கோனியா வேண்டும். அதன் மூலக் கனிமமான சிர்கான் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறது.

பூட்டு இருப்பதால் கடை யோக்கியமானது என்று ஆகிவிடாது. மோசடித் தளமும் இலவசப் பூட்டு வாங்கலாம். மக்கள் தப்பாக நம்புகிறார்கள் என்றுதான் குரோம் உலாவி 2023-இல் முகவரிக்குப் பக்கத்தில் காட்டிய பூட்டுப் படத்தையே மாற்றிவிட்டது. கணிதம் உடைவது அபூர்வம். தளங்கள் விழுவது சோம்பலால். உலகத் தளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஓடும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஒரு பிளகினின், அதாவது துணை நிரலின், ஓட்டை அடைபடும்போது, அது எங்கே இருந்தது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். பாட்கள் எல்லார் கதவையும் தட்டும், திறந்துகொள்வது அப்டேட் செய்யாதவர் கதவுதான். அப்டேட் போடுவதும், வேறிடத்தில் பேக்கப் எடுத்துவைப்பதும்தான் தனியாளாய்த் தளம் பராமரிப்பவர் மாதாமாதம் வாங்கும் தொகைக்கு உண்மையான வேலை. அதில் பேரம் பேசுவது புத்திசாலித்தனம் அல்ல.

இன்னொன்று. உங்கள் கடைக்குத் தளம் இருந்தால், டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று செய்து தந்தவரிடம் இன்றைக்கே கேளுங்கள். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். அது உங்களுடையதாக இருக்கட்டும்.